நனவோ, கனவோ? மணிமேகலை பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் மணிபல்லவத் தீவைப் பற்றி நான் எழுதிய சில வரிகளுக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்து, மணிமேகலைக் காப்பியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலை, இந்திரவிழாக் காலத்தில் தோழி சுதமதியோடு உவவனத்துக்குப் பூப்பறிக்கப் போகிறாள். சோழ இளவரசன் உதயகுமரன் அவளைத் தேடி வருகிறான். அவள் பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிந்துகொள்கிறாள். அன்று நள்ளிரவில் மணிமேகலா என்னும் கடல் தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே எடுத்துச் சென்று மணிபல்லவம் என்னும் தீவில் வைத்துவிடுகிறது. அங்கே அவள் தன் முற்பிறப்பை அறிகிறாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெறுகிறாள். புகாருக்குத் திரும்பிப் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள்.

கல்லூரி மாணவி, திருவாரூர்: டீச்சர், மணிமேகலை மணிபல்லவம் போனது கனவா, நிஜமா? உரைநூல்களில் "தெய்வம் தூக்கிச் சென்றது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கனவு என்று வைத்துக்கொண்டால் கதை இன்னும் நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

உன் கேள்வியை மணிமேகலையே கேட்டிருக்கிறாள், மகளே. எட்டாம் காதையில், அதாவது காப்பியத்தின் எட்டாம் பகுதியில், தீவின் மணலில் கண் விழித்தவள், இதுவும் உவவனத்தின் ஒரு பக்கம்தான் என்று முதலில் நினைக்கிறாள். சுதமதி எங்கோ ஒளிந்துகொண்டு தன்னைத் தவிக்கவிடுகிறாள் என்று எண்ணி அவளைக் கூப்பிடுகிறாள்:

நனவோ கனவோ என்பதை அறியேன்
மனநடுக் குறூஉம் மாற்றம் தாராய்

மனம் நடுங்குகிறது, ஒரு பதில் சொல் என்று கெஞ்சுகிறாள். இருட்டுப் போய்விட்டது, அம்மா கலங்கிப்போவாள் என்றும் சொல்கிறாள். பின்னால் சமயவாதிகளின் வாதங்களையெல்லாம் கேட்டு எடைபோடப்போகிற பெண் இவள். இந்த இடத்தில், காப்பியத்தைப் பாடிய சாத்தனார் அவள் வாயில் தத்துவம் எதையும் வைக்கவில்லை. அம்மா தேடுவாளே என்ற கவலையை மட்டும் வைத்தார்.

இப்போது ஆறாம் காதையின் கடைசி வரிகளைப் பார். வானில் பறந்த பயணம் அங்கே வருகிறது. "அந்தரம் ஆறா ஆறைந்து யோசனை", அதாவது வானமே வழியாக முப்பது யோசனைத் தொலைவு, தெற்கே போய்த் தீவில் அவளை வைத்துவிட்டுத் தெய்வம் அகன்றது. அவ்வளவுதான். மேலிருந்து பார்க்கக் கடல் எப்படி இருந்தது, காற்று எப்படி வீசியது, தெய்வத்தின் கையணைப்பு எப்படி இருந்தது என்று ஒரு சொல் இல்லை. தூங்கியவளுக்குத் தெரியாத வழியைக் கவிஞர் நமக்கும் காட்ட மறுக்கிறார். பறந்ததற்குச் சில வரிகள். விழித்ததற்கு ஒரு முழுக் காதை. இந்தக் காப்பியத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. அற்புதம் நடந்த கணத்தை விட்டுவிட்டு, அற்புதத்துக்கு ஆளானவளின் நெஞ்சைப் போய்ப் பிடிக்கிறார்.

விழித்தவளுக்கு அவர் சொல்லும் உவமையைக் கவனி. அன்பான சுற்றத்தையெல்லாம் மறந்து "வேறிடத்துப் பிறந்த உயிரே போன்று" எழுந்தாளாம்.

பண்டறி கிளையொடு பதியும் காணாள்
கண்டறி யாதன கண்ணிற் காணா

முன்பு அறிந்த உறவும் இல்லை, ஊரும் இல்லை. கண்ணில் படுவதெல்லாம் அதுவரை கண்டறியாதவை. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது கூரையும் விளக்கும் தெரிந்தன. அது எந்த ஊர், நான் யாருடைய தாய் என்பது சிறிது நேரம் பிடிபடவில்லை. அப்போது என் வாயில் வந்தது இந்த இரண்டு வரிகள்தாம். பக்கத்திலிருந்த நர்ஸ் நான் பிதற்றுகிறேன் என்று நினைத்து என் மகளைக் கூப்பிட்டாள்.

எட்டாம் காதையில் வெறும் உவமையாக வந்த அந்த வரி, ஒன்பதாம் காதையில் கதையாகவே ஆகிவிடுகிறது. தீவில் இருந்த புத்த பீடிகையை, அதாவது புத்தரின் பீடத்தைக் கண்டதும், தான் முற்பிறப்பில் இலக்குமி என்ற பெண்ணாகப் பிறந்ததும், தன் கணவன் இராகுலன் திட்டிவிடம் என்னும் பாம்பால் இறந்ததும் அவளுக்குத் தெரிகின்றன. அந்த இராகுலனே உதயகுமரனாகப் பிறந்திருக்கிறான். 'வேறு பிறப்பு எடுத்தவள்போல்' என்று சொன்ன கவிஞர், அந்தப் 'போல்' என்பதை அடுத்த காதையில் எடுத்துவிடுகிறார். ஐந்தாம் காதையில் "புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்" என்று அவள் வெட்கத்தோடு சுதமதியிடம் ஒப்புக்கொள்கிறாள். தன்னை இழிவாகப் பேசிவிட்டுப் போன ஒருவன் பின்னால் மனம் ஏன் போனது என்று அவளுக்கே புரியவில்லை. முற்பிறப்பு என்ற அற்புதம் அந்தப் புரியாத ஏக்கத்துக்குப் பதிலாக வருகிறது. சாத்தனாரிடம் இயற்கைக்கு மீறியவை எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் வரும்: முதலில் உவமையாகவோ உணர்ச்சியாகவோ தலைகாட்டிவிட்டு, பிறகு உடம்போடு வந்து நிற்கும்.

கனவு என்று கொள்ளலாமா என்றால், நான் கொள்ள மாட்டேன். கனவைக் கனவு என்றே சொல்லத் தெரிந்தவர் சாத்தனார். மாதவிக்குப் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்த நாள் இரவில், மாபெரும் தவக்கொடியைப் பெற்றிருக்கிறாய் என்று இதே தெய்வம் அவள் கனவில் வந்து சொன்னது. அதை ஏழாம் காதையில் தெய்வமே நினைவூட்டுகிறது: "நனவே போலக் கனவகத்து உரைத்தேன்." தாய்க்கு நனவு போன்ற கனவு, மகளுக்குக் கனவு போன்ற நனவு. மேலும், மணிபல்லவத்திலிருந்து அவள் கையில் ஒரு பாத்திரத்தோடு திரும்புகிறாள். அந்தச் சோற்றை ஊரே உண்டது.

இல்லத்தரசி, கோயம்புத்தூர்: அம்மா, பத்து வயது மகளுக்குத் தினமும் இரவில் மணிமேகலைக் கதை சொல்லி வருகிறேன். ஆறாம் காதையில் வரும் சுடுகாடும் பேயும் குழந்தைக்கு ஆகாது என்று என் மாமியார் தடுக்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஆனால் பாதியில் நிறுத்திவிடவும் செய்யாதீர்கள். சொன்னால் கோதமை சம்பாபதியிடம் போகும் இடம் வரை சொல்லிவிட வேண்டும்.

சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாகச் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டு வழியே வருகிறான். அங்கே இறந்த பெண்ணொருத்தியின் தலையைக் கையில் ஏந்தி, கண்ணைத் தோண்டித் தின்றபடி ஒரு பேய்மகள் களித்து ஆடுகிறாள். பெரியவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பேய் எப்படித் தின்கிறதாம்?

புயலோ குழலோ கயலோ கண்ணோ
குமிழோ மூக்கோ இதழோ கவிரோ
பல்லோ முத்தோ என்னாது இரங்காது

காதலியின் கூந்தலைப் பார்த்து மேகமோ என்றும், கண்ணைப் பார்த்துக் கயல்மீனோ என்றும், உதட்டைப் பார்த்து முருக்கம்பூவோ என்றும் மயங்குவது நம் கவிஞர்களின் பழைய வழக்கம். சாத்தனார் அந்த உவமைகளையெல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து ஒரு பிணத்தின் முகத்தின்மேல் வைக்கிறார். பேய்க்கு அந்த மயக்கம் எதுவும் இல்லை, இரக்கமும் இல்லை, அது தின்கிறது. தமிழில் எத்தனையோ பேய்ப் பாட்டு படித்திருக்கிறேன். அழகைப் பாடுகிற வாய்ப்பாட்டையே எடுத்து இத்தனை அச்சம் மூட்டிய இடம் எனக்கு வேறு தெரியாது. இதைக் கேட்கப்போகிறவள் யார் என்பதையும் பாருங்கள். சற்று முன்புதான் ஓர் இளவரசன் அவளைப் பளிங்குக்குள் கண்டு, யாரோ வரைந்த ஓவியம் என்று மயங்கி, அதை எண்ணிய ஓவியனின் உள்ளத்தை வியந்து நின்றான். அழகால் துரத்தப்பட்ட பெண்ணுக்கு அன்றிரவே தெய்வம் சொல்லும் கதை இது.

குழந்தைக்கு இந்த வரிகள் வேண்டாம். பையன் பேயைக் கண்டு பயந்து ஓடி, தாயிடம் வந்து, "பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லி இறந்துவிடுகிறான் என்று சொல்லுங்கள். கண்தெரியாத தாய் கோதமை மகனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். அதற்குத் தெய்வம் சொல்லும் விடையை உங்கள் மகள் கட்டாயம் கேட்க வேண்டும்: "அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா." தெய்வங்களும் பேய்களும் நிறைந்த ஒரு காப்பியத்தில், ஒரு தெய்வமே சொல்கிறது, பேய் யாருடைய உயிரையும் எடுப்பதில்லை என்று. பையனின் அறியாமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினை அவன் உயிரைக் கொண்டுபோயிற்று என்பது சம்பாபதியின் பதில். நான் ஏழாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பேய் வரும் இடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் நெருக்கி உட்கார்ந்துகொள்வார்கள். கோதமை தன் உயிரை எடுத்துக்கொண்டு மகனை எழுப்பித் தரும்படி கேட்கும் இடத்தில் நெருக்கத்தை விடாமலே அழுவார்கள். உங்கள் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவருக்கும் பிடிக்கும்.

வாசகர், யாழ்ப்பாணம்: மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தோம். உங்கள் கருத்து என்ன?

அப்படிக் கருதும் அறிஞர்கள் பலர், மறுப்பவர்களும் உண்டு. நாக நாட்டு அரசர் இருவர் ஒரு பீடத்துக்காகப் போரிட்டதையும் புத்தர் வந்து அதைத் தீர்த்ததையும் மணிமேகலை சொல்கிறது. மகாவம்சம் ஏறக்குறைய இதே கதையை நாகதீபத்தில் வைத்து, அரசர்களுக்குச் சூளோதரன், மகோதரன் என்று பெயரும் தருகிறது. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவில் இறங்கினால் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இருக்கின்றன; நாகத்தின் நினைவு இரண்டு சமயத்திலும் நிற்கிறது. கடல் கடந்த சாவக நாட்டுக்குப் போகும் மரக்கலம் காற்றுக்கு ஒதுங்கி அங்கே ஒரு நாள் தங்கியதாகவும், கம்பளச் செட்டியின் கப்பல் அங்கே வந்ததாகவும் காப்பியம் சொல்வதால், அது கடலோடிகளுக்குத் தெரிந்த தீவு என்பதில் எனக்கு ஐயமில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் தீவாகக் கொண்டாடுவதற்கு இவ்வளவு ஆதாரம் போதும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்: மணிமேகலை சமயப் பிரசாரம், கவிதை நயம் சிலம்பைவிடக் குறைவு என்று மாணவர்களே சொல்கிறார்கள். உவமை நயத்துக்கு எந்தப் பகுதியைக் காட்டுவீர்கள்?

ஐந்தாம் காதையின் கடைசிப் பகுதியை. தெய்வம் வருவதற்குச் சற்று முன் புகாரில் அந்தி விழுகிறது. முழுநிலா கிழக்கே எழுகிறது, சூரியன் மேற்கே இறங்குகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் வானத்தில் நிற்கின்றன. நகரத்தை ஒரு பெண்ணாகக் கண்டு சாத்தனார் சொல்கிறார்:

குணதிசை மருங்கின் நாள்முதிர் மதியமும்
குடதிசை மருங்கின் சென்றுவீழ் கதிரும்
வெள்ளிவெண் தோட்டொடு பொற்றோ டாக

ஒரு காதில் வெள்ளித் தோடு, மறு காதில் பொன் தோடு. பௌர்ணமி மாலையில் பூம்புகார்க் கடற்கரையில் நின்று பார்த்தால் இது மிகை இல்லை என்று தெரியும். முதுகுப்பக்கம் வயல்களுக்கு மேல் சூரியன் சிவந்து இறங்க, கடலிலிருந்து நிலா எழும். நான் மாணவிகளை அழைத்துச் சென்று, பாட்டைச் சொல்லாமல் முதலில் இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்வேன்.

அடுத்து வருவது அன்னம். பெட்டையோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது தாமரை கூம்பி அவளை உள்ளே மூடிவிடுகிறது. ஆண் அன்னம் பூவைக் கிழித்து அவளை மீட்டுக்கொண்டு தென்னை மடலின் உச்சிக்குப் பறந்துவிடுகிறது. பளிங்கு மண்டபத்துக்குள் அகப்பட்ட பெண்ணை இப்போதுதான் பார்த்தோம்; அவள் வானத்தில் தூக்கிச் செல்லப்படுவதை இனிப் பார்க்கப்போகிறோம். நடுவே இந்த அன்னம். ஆசிரியரே, இதை மாணவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள், கண்டுபிடிப்பார்கள். இன்னொன்றும் உண்டு. சுதமதியும் வானத்தில் தூக்கி வரப்பட்டவள்தான். சண்பை நகரத்துச் சோலையில் பூப்பறித்துக்கொண்டிருந்தவளை மாருதவேகன் என்ற விஞ்சையன், வானில் உலவும் வித்தியாதரன், எடுத்து வந்து, புகாரில் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஆசைக்காக எடுத்துவரப்பட்டுக் கைவிடப்பட்ட ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருந்தவளைத் தெய்வம் அவள் நன்மைக்காக எடுத்துப்போகிறது. ஒரே செயலை இரண்டு பெண்களுக்கு இரண்டு விதமாக நடத்திக் காட்டுவது கைதேர்ந்த கவிஞரின் வேலை.

கடைசியாக அந்தி வருகிறாள். போர்க்களத்தில் கணவனை இழந்து, பிறந்த வீட்டாரிடம் திரும்பி வரும் பெண்ணைப்போல, பசலை படர்ந்த உடம்போடு நகருக்குள் வருகிறாள். கோவலன் கொலையுண்ட செய்தியோடு தொடங்கிய காப்பியத்தில் வேறு எப்படி அந்தி வரும்?

பிரசாரம் என்பவர்களுக்கு எட்டாம் காதையின் தொடக்கத்தையும் காட்டுங்கள். "சங்குழு தொடுப்பின் முத்துவிளை கழனி": சங்குகள் ஊர்ந்த தடங்கள் ஏர் உழுத சால்கள், அந்த வயலில் விளைவது முத்து. சாத்தனாரைக் கூலவாணிகர், தானிய வியாபாரி, என்கிறது மரபு. கடற்கரை மணலிலும் உழுத நிலத்தைப் பார்த்தது அந்தக் கண்ணாக இருக்கலாம். ஆனால் இந்த வயலில் முத்து விளைகிறது, நெல் விளையவில்லை. இதே மணலில்தான், மணிமேகலைக்கு முன் அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரன் பட்டினி கிடந்து உயிர்விட்டான். அதை நமக்குச் சொல்லும் முன்பே அந்த மண்ணின் விளைச்சல் என்ன என்பதைச் சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை: அம்மையீர், பசிக்கு ஒரு மந்திரப் பாத்திரத்தை விடையாகத் தருவது சிக்கலிலிருந்து நழுவுவது ஆகாதா? பசி உண்மை, அமுதசுரபி பொய். கடவுள் நம்பிக்கை இல்லாத நான் இந்தக் காப்பியத்தை எப்படி மதிப்பது?

உங்கள் கேள்வியை மதிக்கிறேன், ஐயா. பசியைப் பற்றிச் சாத்தனார் எழுதியதில் மந்திரம் ஏதும் இல்லை என்பதிலிருந்து தொடங்குவோம். பசிப்பிணி என்னும் பாவி குடிப்பிறப்பை அழிக்கும், மேன்மையைக் கொல்லும், பற்றிக்கொண்ட கல்வி என்னும் தெப்பத்தைக் கைவிடச் செய்யும், நாணத்தைக் களையும், அழகைச் சிதைக்கும், மனைவியோடு அடுத்தவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். பதினோராம் காதையின் இந்தப் பட்டியலில் கடைசி வரி என்னை ஒவ்வொரு முறையும் உலுக்கும். தனியாகப் பிச்சைக்கு நிற்பது வேறு. மனைவியையும் கூட்டிக்கொண்டு நிற்பது வேறு. அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவர் எழுதிய வரி.

இனிப் பாத்திரத்துக்கு வாருங்கள். அந்தப் பாத்திரத்துக்கு அவர் எத்தனை தளை போட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். மதுரைச் சிந்தாதேவி என்னும் தெய்வம் அதை ஆபுத்திரனுக்குக் கொடுத்து, "நாடுவறங் கூரினும் இவ்வோடு வறங்கூராது" என்கிறாள். நாடே வறண்டாலும் இந்த ஓடு வறளாது. அவனும் வறட்சிக் காலத்தில் எல்லோருக்கும் சோறிடுகிறான். இந்திரன் வந்து வரம் தருவதாகச் சொன்னபோது அவனைப் பொருட்படுத்தவில்லை. சினந்த இந்திரன் அவனை எப்படி ஒடுக்கினான் தெரியுமா? இடியால் தாக்கவில்லை, பாத்திரத்தைப் பறிக்கவில்லை. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்வித்தான். விளைச்சல் பெருகியது, பசித்தவர் இல்லாமல் போனார்கள், சோறு வாங்க ஆளில்லாமல் ஆபுத்திரன் ஊர் ஊராகத் தேடி அலைந்தான். பசியைத் தீர்ப்பது மழையும் வயலும்தான் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்ல வருவதைக் காப்பியம் தானே சொல்லியிருக்கிறது. பாத்திரம் மழை பொய்த்த இடத்துக்கு மட்டும் உரியது.

சாவகத்தில் பசி என்று கேள்விப்பட்டு அவன் கப்பல் ஏறுகிறான். மணிபல்லவத்தில் இறங்கிய இடத்தில் கப்பல் அவனை விட்டுப் போய்விடுகிறது. கையில் குறையாத பாத்திரம், ஆளில்லாத தீவு. அவன் சொல்கிறான்:

மன்னுயிர் ஓம்பும் இம்மாபெரும் பாத்திரம்
என்னுயிர் ஓம்புதல் யானோ பொறேஎன்

பலர் உயிரைக் காக்கிற பாத்திரம் என் ஒருவன் உயிரைக் காப்பதை நான் பொறுக்க மாட்டேன் என்று அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து இறந்தான். பிறகு மணிமேகலைக்குக் கிடைத்தபோதும் அது உடனே சுரக்கவில்லை. ஆதிரை என்ற இல்லத்தரசி முதல் பிச்சையிட வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டு அடுப்பிலிருந்து ஒரு பிடி சோறு விழாமல் அற்புதம் தொடங்குவதில்லை. அதன்பின் மணிமேகலை அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். அரசனின் ஆணை இல்லாமல் மந்திரத்தால் சிறைக் கதவை அவள் திறந்திருக்கலாம். வானத்தில் பறக்கவும் வேற்றுருக் கொள்ளவும் தெரிந்தவள்தான். அப்படிச் செய்யவில்லை.

உங்களுக்கு இருபத்தைந்தாம் காதையைச் சிறப்பாகப் பரிந்துரைக்கிறேன். ஆபுத்திரன் மறுபிறவியில் சாவகத்து அரசனாகப் பிறந்திருக்கிறான். பெயர் புண்ணியராசன். மணிமேகலை அவனை மணிபல்லவத்துக்கு வரவழைக்கிறாள். ஒரு புன்னைமர நிழலில் மணலைத் தோண்டுகிறார்கள். சதை போய்விட்டது, எலும்புகள் கட்டுக் குலையாமல், வெண்சுதை பூசியதுபோல், உட்கார்ந்த நிலையிலேயே இருக்கின்றன. அரசன் தன் பழைய எலும்புக்கூட்டைத் தானே பார்க்கிறான். பக்கத்தில் வேறு எலும்புகளும் கிடக்கின்றன. அவனை விட்டுப் போனதை அறிந்து திரும்பி வந்து, அந்தத் துயரத்தில் இறந்த ஒன்பது செட்டிகளின் எலும்புகள் அவை. மறுபிறவியை நீங்கள் நம்ப வேண்டாம். ஓர் அரசனை அழைத்துப் போய், பட்டினியால் இறந்தவனின் எலும்பைத் தோண்டி எடுத்து, 'இது நீ' என்று ஒரு பெண் காட்டுகிறாள். அதை மட்டும் படியுங்கள். அதற்கு எந்த நம்பிக்கையும் முன்தேவை இல்லை.

வாசகி, கோலாலம்பூர்: மணிமேகலா தெய்வம் தமிழ்க் காப்பியத்தில் மட்டும்தான் வருகிறதா?

இல்லை. பாலி மொழியில் உள்ள மகாஜனக ஜாதகக் கதையில், கப்பல் உடைந்து கடலில் நீந்திக்கொண்டிருக்கும் இளவரசனைக் காப்பாற்றுவது இதே தெய்வம். உங்களுக்கு அண்டை நாடான தாய்லாந்திலும், கம்போடியாவிலும் மேகலா என்ற பெயரில் மணி ஒன்றை ஏந்திய தேவதையாக வருகிறாள். அவள் மணியின் ஒளி மின்னல் என்றும், அவளைத் துரத்தும் அசுரனின் கோடரி இடி என்றும் அங்கே கதை. நம் காப்பியத்தில் கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலில் காத்ததும் இவள்தான். அந்த நன்றிக்குத்தான் குழந்தைக்கு இந்தப் பெயர் வைத்தார்கள். ஆனால் காப்பவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மகனை இழந்த துயரத்தில் சோழன் இந்திரவிழாவை மறந்தபோது, "அணிநகர் தன்னை அலைகடல் கொள்க" என்று புகாருக்குச் சாபமிட்டவளும் இவளே. வெள்ளித் தோடும் பொன் தோடும் அணிந்திருந்த அந்த நகரம் கடலுக்குள் போனது.

வாசகர், சேலம்: மூலத்தையே படிக்க ஆசை. எங்கே தொடங்குவது? பழந்தமிழ் பயமாக இருக்கிறது.

1898இல் உ. வே. சாமிநாதையர் குறிப்புகளோடு பதிப்பித்த பிறகு எளிய உரைகளோடு பல பதிப்புகள் வந்துவிட்டன. சொற்களைப் பிரித்து அச்சிட்ட ஒன்றை வாங்குங்கள். முதல் காதையில் தொடங்க வேண்டாம். எட்டாம் காதையில் தொடங்குங்கள். அது சிறியது, அதில் ஒரு பெண் தனியாக விழிக்கிறாள் என்பதைத் தவிர முன்கதை ஏதும் தெரிய வேண்டியதில்லை. வாய்விட்டுப் படியுங்கள். ஆசிரியப்பா ஆகையால் பேச்சுப்போல ஓடும், நடுவில் மூச்சுக்கு நிறுத்தினாலும் குற்றமில்லை. அங்கிருந்து பதினொன்று வரை போய்விட்டுப் பிறகு ஐந்துக்கும் ஆறுக்கும் திரும்புங்கள். பதின்மூன்று, பதினான்கு, பதினாறு, இருபத்தைந்து ஆகியவை அடுத்து. சமயவாதிகளின் வாதங்கள் வரும் இருபத்தேழாம் காதையையும் அளவை நூல் (தருக்க நூல்) வரும் இருபத்தொன்பதையும் முதல் வாசிப்பில் தள்ளிவைக்கலாம். அவற்றுக்குத் துணையாக ஓர் ஆசிரியர் வேண்டும். பொருள் புரியாத வரியை அடிக்கோடிட்டு எனக்கு எழுதுங்கள், காதை எண்ணையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.